கோடையில் நாலரை, குளிரில் ஐந்தரை

லீட்ஸ்
30 மார்ச் 2026, திங்கள்

அகல்யா,

மதியம் ஃபோனில் கத்தியது போதும். இனி கூப்பிட்டால் மறுபடி கத்துவேன், நீ அழுவாய், பக்கத்து ஃப்ளாட் வரை கேட்கும். அதனால் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் ஆபீஸ் மெயில் மாதிரியே வந்துவிடுகிறது. பெண்டாட்டியோடு சண்டை போடத் தமிழ்தான் வேண்டியிருக்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். சிஞ்ச்வட்டில் வளர்ந்தவனுக்கு அம்மா வீட்டில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த தமிழ் இவ்வளவுதான்.

நடந்ததை ஒரே ஒரு தடவை சொல்கிறேன். இங்கே காலை பத்து மணிக்கு உனக்கு இன்டர்வியூ. மூன்று பேர் உட்கார்ந்து காலித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் விடாமல் உனக்கு ஃபோன் அடித்துக்கொண்டிருந்தேன். பத்தரைக்கு அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். நீ பதினொன்றுக்கு வந்து சேர்ந்தாய். கேட்டால், 'பத்தோட அஞ்சரையக் கூட்டினா மூணரைதானே?' என்கிறாய். அரே, அகல்யா! நேற்று ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். வருடா வருடம் மார்ச் கடைசி ஞாயிறு தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னால் இழுப்பார்கள். குளிர்காலத்தில் நமக்கும் இவர்களுக்கும் ஐந்தரை மணி வித்தியாசம், கோடையில் நாலரை. இன்று நீ இரண்டரைக்கு வந்திருக்க வேண்டும்.

இதைப் போய் நான் உனக்குச் சொல்கிறேன் பார். ஹிஞ்சவடி ஆபீஸ் முழுக்க இதைச் சொல்லிக்கொடுக்கிறவளே நீதான். நாலு நாட்டு ஆட்களை ஒரே மீட்டிங்கில் உட்கார வைப்பதுதான் உன் வேலை. நான் சேர்ந்த புதிதில் ஜூன் மாதம் ஐந்தரையைக் கூட்டி மீட்டிங் வைத்து, லண்டன்காரர்களை ஒரு மணி நேரம் காக்க வைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? என் டேபிளுக்கு வந்து நின்று, 'முதல்ல யாரோட கடிகாரம்னு கேளுங்க. அப்புறம் தேதியப் பாருங்க. கணக்கு கடைசிலதான்' என்றாய். கோயம்புத்தூர்த் தமிழில் அப்படி மரியாதையாகத் திட்டு வாங்கியது எனக்கு அதுதான் முதல் தடவை. அன்றைக்கே விழுந்துவிட்டேன்.

'சும்மா வீட்டில் உட்கார வரமாட்டேன், வேலை இருந்தால் வருகிறேன்' என்று சொன்னது நீ. அதற்காக நான் இங்கே என் மேலாளரிடம் எத்தனை தடவை பல்லைக் காட்டினேன் தெரியுமா? இந்த வேலை கிடைத்தால் மே மாதம் நீ இங்கே. கிடைக்காவிட்டால் நான் இப்படியே தனியாக. பதினாலு மாதம் ஆகிவிட்டது, எனக்கு முடியவில்லை.

பிரணவ்

---

வாகட், புனே
31 மார்ச்

பிரணவ்,

மன்னித்துக்கொள். நேற்றே சொன்னேன், எழுத்திலும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கெல்லாம் சொல்கிறவள் தன் விஷயத்தில் கோட்டை விட்டுவிட்டாள் என்று அத்தையும் சொல்லிவிட்டார்கள். சிஞ்ச்வட்டிலிருந்து ஃபோன் பண்ணிச் சொன்னார்கள். செய்தி அதற்குள் அங்கே போய்விட்டது, உன் புண்ணியத்தில்.

நேற்றைய கதையையும் கேள். காலையில் தண்ணீர் டேங்கர் வரவில்லை. ஃப்ளாட் சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்பில் அடிதடி. பத்து மணிக்கு ஒரு புரோக்கர், நீ சொல்லி அனுப்பியதாக, வாடகைக்கு வீடு பார்க்க ஒரு மராத்திக் குடும்பத்தை உள்ளே அழைத்து வந்துவிட்டார். அந்த அம்மாள் டேப்பை வைத்து நம் பால்கனியை அளக்கிறார். ஊஞ்சல் மாட்டினால் கொக்கி தாங்குமா என்று என்னிடமே கேட்கிறார். தாங்கும் என்றேன். வேறு என்ன சொல்ல? அவர்கள் போவதற்குள் மாமா ஃபோன். 'ஸ்கூட்டரக் கழுவி வைம்மா, பாக்க ஆள் வர்றாங்க.' என் ஸ்கூட்டர்! நான் விற்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னேன்?

எட்டு மாதத்துக்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்? உன் இரண்டு வருடம் வரும் ஜனவரியோடு முடிகிறது. நான் மே மாதம் வந்தால் நடுவில் எட்டு மாதம். வீட்டைப் பூட்டி, சாவியை அத்தையிடம் கொடுத்தால் போதாதா? இதற்கு மட்டும் பதில் எழுது.

மார்ச் மாதம் என் தலை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அமெரிக்கா எட்டாம் தேதியே மாறிவிட்டது. நீங்கள் இருபத்தொன்பதில் மாறினீர்கள். ஆஸ்திரேலியா வரும் ஞாயிறு எதிர்ப்பக்கம் மாறப் போகிறது. நகராமல் நிற்கிற கடிகாரம் நம்முடையது ஒன்றுதான், ஆனால் எழுந்து ஓடுவது நாங்கள்தான். அந்தக் குழப்பத்தில் மூன்றரை என்று மண்டையில் உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஃபோனில் ஒன்று சொன்னாய். 'வரணும்னு ஆசை இருந்தாத்தானே நேரம் ஞாபகம் இருக்கும்?' கோபத்தில் சொன்னாய் என்று விட்டுவிடப் பார்க்கிறேன், முடியவில்லை. நேற்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறேன்.

அவர்களிடம் போய் மறுபடி கெஞ்சாதே. இது இப்படியே போகட்டும்.

அகல்யா

---

லீட்ஸ்
2 ஏப்ரல், வியாழன்

அகல்யா,

கெஞ்சியாகிவிட்டது. நீ வேண்டாம் என்று எழுதியதைப் படிப்பதற்கு முன்பே கெஞ்சிவிட்டேன். நாளை முதல் திங்கள் வரை ஈஸ்டர் விடுமுறை. அது முடிந்து ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, இங்கே பதினொன்று, உனக்கு மூன்றரை. நீ போன முறை எந்த மூன்றரைக்கு வந்தாயோ அதே மூன்றரைக்கு வா. இதற்குமேல் சுலபமாக யாராலும் வைக்க முடியாது.

இந்த இடத்திலேயே முடித்துக்கொண்டு தூங்கப் போயிருப்பேன். ஆனால் நேற்று ராம்கி கூப்பிட்டான். உன் டீமில் இருந்துகொண்டு வேலையைத் தவிர எல்லாம் செய்கிற அதே ராம்கிதான். சும்மா அரட்டை. நடுவில் சொன்னான், 'திங்கக்கிழமை உன் பொண்டாட்டிகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்டா. காலைல ஒம்பது மணி மீட்டிங், அதான் லண்டன் ஒம்பது, அதுக்கு நான் பழைய ஞாபகத்துல ரெண்டரைக்குப் போனேன். அவங்க ஒண்ணரைக்கே ஆரம்பிச்சு முடிச்சுட்டாங்க. கடிகாரம் மாறினது தெரியாதா, வெள்ளிக்கிழமை எத்தன தடவ சொன்னேன்னு ஒரே காய்ச்சு.'

ஃபோனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான், தூக்கம் போய்விட்டது.

திங்கட்கிழமை இங்கே ஒன்பது மணி மீட்டிங்கை நீ ஒன்றரைக்குச் சரியாக நடத்தியிருக்கிறாய். அதாவது நாலரை கூட்டியிருக்கிறாய். அதற்கு அடுத்த மணி நேரம்தான் உன் இன்டர்வியூ. அதற்கு மட்டும் ஐந்தரை கூட்டினாயா? ராம்கியை நேரம் தெரியாதா என்று காய்ச்சிய வாயால் என்னிடம் 'மூணரைதானே' என்றாயா?

புரோக்கர் வந்ததாலும் டேங்கர் வராததாலும் இப்படி ஆகாது. எனக்கு உன்னைத் தெரியும். என்ன நடந்தது என்று சொல்.

பிரணவ்

---

வாகட்
3 ஏப்ரல்

பிரணவ் அவர்களுக்கு,

ராம்கியை வைத்து உளவு பார்க்கிறீர்களா? நல்லது. அவனுக்கு இந்த வேலையாவது ஒழுங்காக வருகிறது.

ஒன்பதாம் தேதி பற்றி யோசித்துச் சொல்கிறேன். ஸ்கூட்டர் விற்பனைக்கு இல்லை என்று உங்கள் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். வீட்டைப் பார்க்க நேற்று வந்தவர்களையும் வாசலோடு அனுப்பிவிட்டேன். தகவலுக்காகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

நான் கேட்ட ஒரே கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை.

அகல்யா

---

லீட்ஸ்
4 ஏப்ரல், சனி

அகல்யா,

'நீங்கள்' வந்துவிட்டது. என் அம்மா எதிரில் ஒரு 'நீங்கள்', கோபத்தில் ஒரு 'நீங்கள்'. இரண்டாவதற்குத்தான் எனக்கு எப்போதும் பயம்.

எந்தக் கேள்வி? வீட்டைப் பூட்டலாமா, வாடகைக்கு விடலாமா என்பதா? அதை அப்புறம் பேசலாம், அது இப்போது முக்கியமா? நான் கேட்டது பெரிய கேள்வி. வேண்டுமென்றே செய்தாயா? ஆமாம் அல்லது இல்லை. சுற்றி வளைக்காதே.

நாலு நாள் விடுமுறை. இந்த ஊரில் விடுமுறை என்றால் தெருவில் ஈ காக்கை கிடையாது. மழை தூறிக்கொண்டே இருக்கிறது. காலையிலிருந்து இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடக்கிறேன். என் மண்டைக்குள் என்னென்னவோ ஓடுகிறது. அவளுக்கு என்னோடு இருக்கப் பிடிக்கவில்லையா? இந்தப் பதினாலு மாதத்தில் நான் இல்லாமலே நன்றாக இருக்கிறது என்று பழகிவிட்டாளா? அங்கே வேறு யாராவது... இதை எழுதிவிட்டு அழிக்கப் போனேன். அழிக்கவில்லை. இப்படியும் நினைத்தேன் என்று நீ தெரிந்துகொள்.

உனக்காக ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். சொல்லாமல் வைத்திருந்தேன், வந்து பார்க்கட்டும் என்று. இரண்டு பெரிய ஜன்னல் இருக்கிற சமையலறை. நீ வற்றல் குழம்பு வைத்தால் கட்டிடமே கூடும் என்பதால் காற்று வெளியே போக ஃபேன் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். வீட்டுக்காரர் சிரித்தார். மே முதல் தேதியிலிருந்து இரண்டு பேர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

திட்டி எழுது, பரவாயில்லை. ஆனால் உண்மையை எழுது.

பிரணவ்

---

வாகட்
6 ஏப்ரல்

பிரணவ்,

ஆமாம்.

வேண்டுமென்றேதான் செய்தேன். கடிகாரம் மாறியது எனக்குத் தெரியாமல் இருக்குமா? அன்றைக்கு வீட்டிலிருந்துதான் வேலை. ஒன்றரை மணி மீட்டிங் முடிந்ததும் முகம் கழுவி, நல்ல சட்டை போட்டு, தலை வாரிக்கொண்டு லேப்டாப் எதிரே உட்கார்ந்தேன். இரண்டரை ஆனது. பட்டனை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. கை வரவில்லை. ஃபோனைச் சைலண்டில் போட்டுக் கட்டில்மேல் எறிந்துவிட்டுக் கீழே இறங்கிப் போனேன். கேட்டுக்கு எதிரே ரசவந்தியில் உட்கார்ந்து கரும்புச் சாறு குடித்தேன். அந்த வெயிலில் நான் ஒருத்திதான். கடைக்காரர் 'தாயீ, அஜூன் ஏக்?' என்றார். சரி என்று இன்னொரு தம்ளரும் குடித்தேன். மூன்றரைக்கு மேலே வந்து, பொய்யைத் தயாராக வைத்துக்கொண்டு திரையைத் திறந்தேன்.

ஏன் என்று கேட்கிறாய். அதற்கு முந்தின புதன்கிழமை கேன்டீனில் ராம்கி தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தான். உனக்கு உளவு சொல்கிற அதே வாய்தான், அதில் எதுவுமே தங்காது. 'பிரணவ் இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டானாமே, ஜனவரிலயே! கமுக்கமா இருந்துட்டீங்க பாருங்க ரெண்டு பேரும். அந்தக் குளிரு உங்களுக்குத் தாங்குமா?' என்றான். நான் சிரித்தேன். தாங்கும் என்றேன். எனக்கு எல்லாம் தெரிந்த மாதிரி, ஏற்கெனவே பேசி முடிவு செய்த மாதிரி சிரித்தேன்.  வாயிலிருந்த வடா பாவைப் பாத்ரூமுக்குப் போய்த் துப்பினேன்.

இரண்டு வருடம் என்றுதானே போனாய்? கடைசி எட்டு மாதம் நானும் வந்து, தை பிறந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து திரும்புவது என்றுதானே பேச்சு? ஜனவரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு மார்ச் வரை வாரா வாரம் என்னோடு பேசியிருக்கிறாய். எப்போது வருகிறாய், எந்த ஸ்வெட்டர், எந்தப் பெட்டி, இதெல்லாம் கேட்டாய். வருகிறாயா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. வீட்டுக்கு ஏன் ஆள் வருகிறார்கள், ஸ்கூட்டர் ஏன் போகிறது என்று திங்கட்கிழமை புரிந்தது. மாமாவுக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியும், புரோக்கருக்குத் தெரியும், ராம்கிக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

முதல் மெயிலில் எட்டு மாதத்துக்கு எதற்கு ஆர்ப்பாட்டம் என்று கேட்டேன். தூண்டில்தான் போட்டேன். இப்போதாவது சொல்வாய் என்று நினைத்தேன். முக்கியமா என்று கேட்டாய்.

எனக்கு இங்கே என்ன இருக்கிறது என்று நினைத்தாய்? கோயம்புத்தூரிலிருந்து வந்தபோது எனக்கு ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆட்டோக்காரரிடம் கையைக் காட்டிக் காட்டி ஆபீஸ் போனேன். இன்றைக்கு டேங்கர் டிரைவரோடு மராத்தியில் சண்டை போட்டுத் தண்ணீர் வாங்குகிறேன். அடுத்த வருடம் என் பிரிவு முழுக்க என் கைக்கு வரப் போகிறது. உனக்குச் சொல்லியிருக்கிறேன். 'சூப்பர்' என்று ஒரு வார்த்தை அனுப்பினாய், அத்தோடு மறந்துவிட்டாய்.

உன்னைப் பிடிக்கவில்லையா என்று கேட்கிறாய். பிடிக்கும்டா முட்டாளே. யாரோ ஒருவன் என்றால் எனக்கு இவ்வளவு கோபம் வராது.

அகல்யா

---

லீட்ஸ்
7 ஏப்ரல்

அகல்யா,

சொல்லாமல் விட்டது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் சொல்வதையும் கேள்.

அன்றைக்கு இங்கே சாயங்காலம் ஐந்து மணி. மேலாளர் கூப்பிட்டு, மூன்று வருடம் நீட்டிக்கத் தயார், இன்றைக்கே பதில் வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். ஜனவரி, ஐந்தரை மணி வித்தியாசம். உனக்கு இரவு பத்தரை. நீ தூங்கியிருப்பாய், எழுப்பினால் பதறுவாய் என்று போட்டுவிட்டேன். மறுநாள் சொல்லலாம் என்றிருந்தேன். மறுநாள் உனக்கு ஏதோ ஆபீஸ் டென்ஷன். அப்புறம் நீ வந்த பிறகு நேரில் சொல்லிக்கொள்ளலாம், ஊரும் அதற்குள் உனக்குப் பிடித்துவிடும் என்று தள்ளிப் போட்டேன். நாள் ஆக ஆக வாயே வரவில்லை. வீட்டு விஷயம் என்பதால் அப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்தது.

நீ செய்தது மட்டும் என்ன? கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு பைத்தியக்காரன் மாதிரி நின்றேன். உனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ, லிஃப்டில் மாட்டிக்கொண்டாயோ, வண்டியில் எங்காவது அடிபட்டாயோ என்று எனக்கு வியர்த்துக் கொட்டியது. உள்ளே இருந்த மூன்று பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். நீ இரண்டு தம்ளர் கரும்புச் சாறு குடித்துக்கொண்டிருந்தாய்.

சரி, ஆனது ஆகட்டும். நாளை மறுநாள் வந்துவிடு. முதலில் வேலையை வாங்கிக்கொள், மற்றதை அப்புறம் பேசுவோம். கையில் வந்ததை விடாதே. ப்ளீஸ்.

பிரணவ்

---

வாகட்
9 ஏப்ரல், மாலை

பிரணவ்,

பத்தரை மணிக்கு நான் என்றைக்குத் தூங்கியிருக்கிறேன்? கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாள் சொல். அமெரிக்கா மீட்டிங் முடியவே பதினொன்றாகும் என்று உனக்குத் தெரியாதா? மணி வித்தியாசத்தை என்னிடமே சாக்குச் சொல்கிறாய். நான் சொன்ன பொய்யும் நீ சொன்ன பொய்யும் ஒரே கடையில் வாங்கினது போல இருக்கிறது.

மூன்றரைக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்தேன். நடுவில் இருந்த அம்மையார்தான் ஆரம்பித்தார். போன தடவை கடிகாரம் மாறியதில் ஏதோ குழப்பமாமே, எல்லோருக்கும் வருவதுதான் என்று எனக்காக அவரே சமாதானம் சொன்னார். எனக்கு வெட்கமாகிவிட்டது. 'குழப்பம் எதுவும் இல்லை. நேரம் எனக்குத் தெரியும். அன்றைக்கு வர மனமில்லை, அதைச் சொல்லவும் தைரியம் இல்லை. இன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறேன். இந்த வேலை எனக்கு வேண்டாம். உங்களை இரண்டு முறை உட்கார வைத்ததற்கு மன்னிக்க வேண்டும். இதில் என் கணவர் தவறு எதுவும் இல்லை' என்றேன்.  பிறகு அந்த அம்மையார், முகத்துக்கு நேரே சொன்னதற்கு நன்றி என்றார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. 

உன் தவறு எதுவும் இல்லை என்று அவர்களிடம் சொன்னது உன் மானத்துக்காக. அது உண்மை என்று நீ எடுத்துக்கொள்ளாதே.

நீ கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றதைப் படித்துவிட்டு அழுதேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று நீ பதறியிருப்பாய் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதற்கு மன்னித்துக்கொள். முதல் மெயிலில் எழுதிய மன்னிப்பு மாதிரி இல்லை இது.

நான் வரவில்லை, பிரணவ். மே மாதம் மட்டுமில்லை. அங்கே குடியிருக்க வரவில்லை. வீட்டுக்காரரிடம் ஒரு ஆள் என்று மாற்றிச் சொல்லிவிடு.

அகல்யா

---

லீட்ஸ்
12 ஏப்ரல், ஞாயிறு

அகல்யா,

இரண்டு நாள் எழுதவில்லை. எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

வியாழக்கிழமை மேலாளர் என் டேபிளுக்கு வந்து, தோளில் கையை வைத்து, 'வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மானம் போய்விட்டது என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை முழுக்க உன்மேல் கொதித்தேன். சனிக்கிழமை நீ எழுதியதை எல்லாம் முதலிலிருந்து படித்தேன். 'வருகிறாயா என்று ஒரு நாளும் கேட்கவில்லை' என்று எழுதியிருக்கிறாயே, இல்லை, கேட்டிருப்பேன், எங்காவது ஒரு தடவையாவது கேட்டிருப்பேன் என்று பழைய மெசேஜை எல்லாம் தோண்டினேன். கேட்கவே இல்லை.

இப்போது கேட்கிறேன். முதலில் என் ஆசையைச் சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. எனக்கு இங்கே பிடித்திருக்கிறது. மழை பிடிக்கவில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, வேலை பிடித்திருக்கிறது. தாபோடியில் பள்ளிக்கூடம், சிஞ்ச்வட்டில் வீடு, ஹிஞ்சவடியில் ஆபீஸ் என்று ஒரே ரோட்டில் போய்வந்துகொண்டிருந்தவன் நான். நீ ஒரு ஊரை விட்டு இன்னொரு ஊருக்கு வந்து ஜெயித்தவள். அதை நானும் ஒரு தடவை செய்து பார்க்க ஆசை. நீ சிரித்தாலும் சரி, எனக்கு உன்மேல் அந்தப் பொறாமை உண்டு.

ஒரு மாதம் முன்னால் சொன்னால் எப்போது வேண்டுமானாலும் நான் விலகலாம். ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதனால் கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்று நான் தப்பிக்கப் போவதில்லை. ஜனவரியில் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். இன்னும் மூன்று வருடம் நான் இங்கே இருக்கட்டுமா? நீ வேண்டாம் என்றால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. தெரியாமல்தான் கேட்கிறேன்.

ஃபோனில் பேசலாமா? கத்தமாட்டேன். வழக்கம்போல அடுத்த ஞாயிறு, என் மதியம் ஒரு மணி, உனக்கு ஐந்தரை.

பிரணவ்

---

வாகட்
14 ஏப்ரல்

பிரணவ்,

புத்தாண்டு வாழ்த்துகள். காலையில் சிஞ்ச்வட் போய் அத்தை கையால் பாயசம் குடித்துவிட்டு வந்தேன். மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. கிளம்பும்போது, 'வண்டில காத்து கம்மியா இருக்கு, பாத்துப் போம்மா' என்றார். என் ஸ்கூட்டரைப் பற்றி இனி அவர் அதைத் தவிர வேறு பேசமாட்டார் என்று நினைக்கிறேன்.

கேட்டுவிட்டாய். உன் மெயிலில் அந்த வரியை எத்தனையோ தடவை படித்தேன். என் பதிலைச் சொல்கிறேன். இருக்க வேண்டாம். ஜனவரியில் வந்துவிடு. அதுதான் என் ஆசை, அதை இனிமேல் மறைக்கப் போவதில்லை. ஆனால் உனக்கு அங்கே இவ்வளவு பிடித்திருக்கிறது என்று எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். பொறாமை என்று எழுதியிருக்கிறாய், அதைப் படித்துவிட்டு சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரே மெயிலில் வேண்டாம் என்று வெட்டிவிட மனசு வரவில்லை. பேசுவோம். கத்தினாலும் பரவாயில்லை, கத்து.

ஆனால் ஞாயிறு உன் மதியம் வேண்டாம். நீ தூங்கி எழுந்து, துணி துவைத்து, சாப்பிட்டு முடித்து, மிச்சம் இருக்கிற நேரத்தில் கூப்பிடுகிறாய். உன் ஃபோன் வரும் என்று எங்கேயும் போகாமல் என் ஞாயிறுகள் எல்லாம் போய்விட்டன. சனிக்கிழமை பேசலாம். காலை ஒன்பதரை, என் கடிகாரத்தில். குளித்து, காபி குடித்து, தெளிவாக இருப்பேன். அக்டோபரில் உங்கள் ஊரில் என்ன மாற்றினாலும் இங்கே அது ஒன்பதரைதான், அப்போதும் அதே நேரத்துக்குக் கூப்பிடு. உனக்கு அது இப்போது விடியற்காலை ஐந்து மணி, அக்டோபருக்குப் பிறகு நாலு, வெளிச்சம்கூட வந்திருக்காது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அலாரம் வைத்து எழுந்திரு.

அகல்யா